குளிர் ஊர்ல வாழை, கல்வாழை, பனை எல்லாத்தையும் தரையிலயே விட்டு குளிர்காலம் தாண்ட வைக்கிறது எப்படி

துணி, வைக்கோல்னு எதையும் வாங்கப் போறதுக்கு முன்னாடி உங்க செடிகிட்ட போய் நின்னு ஒண்ணே ஒண்ணு யோசிங்க, இந்தச் செடிக்கு உயிர் எங்க இருக்கு? இலையில இல்ல, இலை போனா திரும்ப வரும். கல்வாழைக்கும் டாலியாவுக்கும் உயிர் மண்ணுக்குள்ள கிழங்குல இருக்கு, பனைக்கும் மரப்பெரணிக்கும் உச்சிக் குருத்துல இருக்கு, அரளி மாதிரி செடிக்கு அடிக்கட்டையில இருக்கு. அந்த ஒரு இடம் உறையாம, அழுகாம குளிர்காலத்தைத் தாண்டிட்டா மிச்சத்தைச் செடியே பாத்துக்கும். செடி முழுசும் பச்சையாவே இருக்கணும்னு ஆசைப்பட்டு உச்சியில இருந்து அடி வரைக்கும் பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சு, கடைசியில உள்ளயே அழுகவிட்டவங்க நிறைய பேரு. குளிர் கொன்ன செடியை விட ஈரம் கொன்ன செடிதான் அதிகம்னு நான் அடிச்சே சொல்லுவேன்.

முதல்ல எதை வெளிய விடலாம் எதை விடவே கூடாதுன்னு பிரிச்சிருவோம். சில செடிக்கு உறைபனியே தேவையில்ல, 10 டிகிரி செல்சியஸுக்கு கீழ பல நாள் இருந்தாலே உள்ள கெட ஆரம்பிச்சிரும், பப்பாளி, மா, சாப்பாட்டுக்குப் பழம் தர்ற சாதாரண வாழை ரகங்கள், முருங்கை, கறிவேப்பிலை இதெல்லாம் அந்தக் கூட்டம். இதுகளை எத்தனை சுத்து சுத்தினாலும் உறையுற ஊர்ல வெளிய நிக்காது, வீட்டுக்குள்ளயோ சூடாக்குற கண்ணாடி வீட்டுக்குள்ளயோதான் வெக்கணும், வெளிய வெச்சு சோதிக்காதீங்க. வெளிய விட நல்லதுன்னா மூசா பாஸ்ஜூ வாழை, கல்வாழை, டாலியா, ஹெடிக்கியம்னு சொல்ற பூ இஞ்சி, சேம்புல சில ரகம், டிக்சோனியா மரப்பெரணி, ட்ராக்கிகார்பஸ் பனை, சில ஆனைக்கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அரளி. சிவப்பு இலையோட அட்டகாசமா இருக்குமே என்சீட் வாழை, அதை மூசா பாஸ்ஜூன்னு நினைச்சு தரையில விட்டுராதீங்க, அது பக்கக் கன்னு அவ்வளவா விடாது, மேல செத்தா மொத்தமா போயிரும், அதைத் தோண்டி உள்ள எடுத்து வைக்கிறதுதான் சரி.

வாங்கும்போது லேபிள்ல ஒரு நம்பர் போட்டிருக்கும், அதை எப்படிப் படிக்கணும்னு தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்க விவசாயத் துறையோட மண்டலக் கணக்குல ஒவ்வொரு மண்டலமும் 10 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 5.6 டிகிரி செல்சியஸ் அகலம், மண்டலம் 9 னா வருஷத்துல வர்ற மோசமான குளிர் சராசரியா -6.7 ல இருந்து -1.1 வரைக்கும், மண்டலம் 8 னா -12.2 ல இருந்து -6.7 வரைக்கும். பிரிட்டன்ல ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி H3 ன்னு போட்டா -5 வரைக்கும், H4 ன்னா -10 வரைக்கும், H5 ன்னா -15 வரைக்கும் தாங்கும்னு அர்த்தம். ஆனா அமெரிக்க மண்டல நம்பர் எவ்வளவு கீழ போகும்னு மட்டும்தான் சொல்லும், எத்தனை நாள் அப்படியே கிடக்கும், குளிர்காலத்துல மழை எவ்வளவு பெய்யும்னு சொல்லாது. ஒரு ராத்திரி -7 போயிட்டு மறுநாள் மத்தியானம் 6 டிகிரி வரைக்கும் ஏறுற ஊரும், ஒரு வாரம் முழுக்க -3 லயே பகலும் உறைஞ்சு கிடக்குற ஊரும் செடிக்கு ஒண்ணு இல்ல, ரெண்டாவதுதான் கொடுமை, ஏன்னா குளிர் மெதுவா மண்ணுக்குள்ள இறங்கி கிழங்கைத் தொட்டுரும்.

உறைஞ்சா செடிக்கு என்ன ஆகுதுன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், அது தெரிஞ்சாதான் மூடுறது எதுக்குன்னு புரியும். செல்லுக்கு வெளிய இருக்கிற தண்ணிதான் முதல்ல உறையும், உறைஞ்ச ஐஸ் செல்லுக்குள்ள இருக்கிற தண்ணியை வெளிய இழுக்கும், செல் வத்தி சுருங்கும், அளவோட நின்னா செடி பிழைச்சுக்கும். வேகமா ரொம்ப குளிர்ந்தா செல்லுக்குள்ளயே ஐஸ் உண்டாகி சவ்வு கிழிஞ்சிரும், மறுநாள் வெயில் பட்டதும் இலை வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்குறது அதனாலதான். தளதளன்னு தண்ணி ஏறி நிக்கிற இளந்தண்டு சீக்கிரம் போகும், முத்தின தண்டு தாங்கும். அதனால குளிர் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே நைட்ரஜன் உரத்தை நிறுத்திருங்க, யூரியா மாதிரி எதையும் போடாதீங்க, கடைசி உரம்னா பொட்டாஷ் மட்டும் போதும். இலையுதிர் காலத்துல புதுத் துளிர் விட வைக்கிற எதையும் செய்யாதீங்க, அழகுக்காக கத்தரிச்சு விடுறதையும் சேத்துத்தான் சொல்றேன்.

இன்னொண்ணு, நடுற நேரம். இலையுதிர் காலத்துல தள்ளுபடியில கிடைக்குதுன்னு வாங்கி தரையில வெச்சீங்கன்னா வேர் பிடிக்கிறதுக்குள்ள பனி வந்துரும். வசந்தம் முடிஞ்சு கோடை ஆரம்பிக்கும்போது நடுங்க, முழுக் கோடையும் வேர் இறங்கட்டும். முதல் குளிர்காலம்தான் எந்தச் செடிக்கும் ஆபத்து, சின்னச் செடிக்கு இன்னும் ஆபத்து, அதனால குட்டியா வாங்கினதை ஒண்ணு ரெண்டு வருஷம் தொட்டியில வளத்து குளிர்காலத்துல உள்ள வெச்சு, தடிச்ச பிறகு தரையில இறக்குறது ரொம்ப புத்திசாலித்தனம்.

இடம் தேர்வு பண்றதுல பாதி வேலை முடிஞ்சிரும். மேகம் இல்லாத, காத்து இல்லாத ராத்திரியில தரை தன்னோட சூட்டை வானத்தைப் பாத்து விட்டுரும், அப்பதான் உறைபனி விழும். மேல ஒரு கூரை விளிம்போ, இலை உதிராத மரத்தோட கிளையோ இருந்தாலே அந்த இழப்பு குறையும், எறவானத்துக்குக் கீழ இருக்கிற செடி பிழைச்சு நாலடி தள்ளி இருக்கிற அதே செடி கருகுறதை நிறைய தோட்டத்துல பாக்கலாம். குளிர் காத்து கனமானது, சரிவுல தண்ணி மாதிரி கீழ இறங்கி பள்ளத்துல தேங்கும், சரிவோட அடியில இடைவெளி இல்லாத வேலி இருந்தா அது அணை கட்டின மாதிரி குளிரைப் பிடிச்சு வெச்சிரும், வேலியோட அடியில கொஞ்சம் இடைவெளி விட்டா வடிஞ்சு போயிரும். வெயில் படுற செங்கல் சுவர் பகல்ல சூட்டை வாங்கி ராத்திரி விடும், பூமியோட வடபாதியில தெற்கு பாத்த சுவர், தென்பாதியில வடக்கு பாத்த சுவர். கிழக்கு பாத்த சுவர் மட்டும் வேண்டாம், உறைஞ்ச மொட்டுலயும் துளிர்லயும் காலை வெயில் சுள்ளுனு பட்டு வேகமா உருகினா சேதம் அதிகம். அதிகபட்ச, குறைஞ்சபட்ச வெப்பநிலையைப் பதிவு பண்ணி வைக்கிற ரெண்டு மூணு சின்ன மின்-மேக்ஸ் தெர்மாமீட்டர் வாங்கி தோட்டத்துல வேற வேற மூலையில ஒரு குளிர்காலம் வெச்சுப் பாருங்க, ஒரே தோட்டத்துக்குள்ள எவ்வளவு வித்தியாசம் இருக்குன்னு தெரிஞ்சிரும், செடியை எங்க வைக்கணும்னு அப்புறம் யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

மண்ணுல தண்ணி தேங்கக் கூடாது, இதுல சமரசமே இல்லை. களிமண்ணா இருந்தா ஒரு அடி உயர மேட்டுப் பாத்தி கட்டி சரளை, கரடு மணல், மக்கு கலந்து போடுங்க. குழி தோண்டி அதுக்குள்ள மட்டும் சரளை போட்டா சுத்தி இருக்கிற களிமண்ணுல இருந்து தண்ணி வந்து அந்தக் குழியிலயே குளம் கட்டி நிக்கும், அப்படிச் செய்யாதீங்க.

சரி, இப்ப உயிர் மண்ணுக்குள்ள இருக்கிற செடிகள். இதுதான் சுலபம். கல்வாழை, டாலியா ரெண்டையும் வெளியிலயே விடுறதா முடிவு பண்ணிட்டா நடும்போதே வழக்கத்தை விட ஆழமா, 15 சென்டிமீட்டர் மண்ணு மேல இருக்கிற மாதிரி நடுங்க. குளிர்காலத்துல மண்ணோட மேல் ரெண்டு மூணு அங்குலம்தான் முதல்ல உறையும், அதுக்குக் கீழ போகப் போக கோடைச் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். முதல் பனியில இலை கறுத்ததும் கல்வாழைத் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டுங்க, மேல 15, 20 சென்டிமீட்டர் மூடாக்கு போடுங்க, மரப்பட்டைத் துண்டு, மக்கின இலை, காய்ஞ்ச பெரணி இலை எதுவா இருந்தாலும் சரி, கிழங்கு இருக்கிற இடத்தோட நிக்காம ஒரு அடி சுத்தி அகலமா போடணும், குளிர் பக்கவாட்டுலயும் வரும். டாலியாவுல ஒரு விஷயம், அதோட தண்டு உள்ள குழாய் மாதிரி காலியா இருக்கும், வெட்டின தண்டு வழியா மழைத்தண்ணி நேரா கழுத்துக்கு இறங்கி அழுக வைக்கும், அதனால தரை மட்டத்துக்கு வெட்டி மண்ணை மேடு கட்டி மேல ஒரு ஓடோ பழைய தார்ப்பாய்த் துண்டோ சாய்வா போட்டுருங்க. களிமண்ணும் மழையும் சேந்த இடம்னா டாலியாவை மட்டும் தோண்டி எடுத்து வைக்கிறதே நல்லது, கல்வாழை அந்த விஷயத்துல கொஞ்சம் கெட்டி. பூ இஞ்சியோட கிழங்கு மண்ணுக்கு மேலயே தலையைக் காட்டிட்டு கிடக்கும், அதை ஆழமா புதைச்சா பிடிக்காது, அதனால அதுக்கு மூடாக்கு கண்டிப்பா வேணும். சேம்புல 'பிங்க் சைனா'ங்கற ரகம் குளிருக்கு நல்லா தாங்கும், மத்த ரகத்தை, குறிப்பா கறுப்பு இலை ரகங்களை, உள்ள எடுத்துருங்க.

வாழைக்கு வருவோம், எல்லாரும் கேக்குறது இதைத்தான். மூசா பாஸ்ஜூவோட இலை லேசான உறைபனிக்கே போயிரும், தண்டு -3, -4 வரைக்கும் ஓரளவு நிக்கும், கிழங்கு நல்ல மூடாக்கு இருந்தா -10 க்குக் கீழயும் பிழைக்கும். வாழைத்தண்டுன்னு நாம பாக்குறது ஒண்ணு மேல ஒண்ணு சுத்தின இலை மட்டைதான், பூக்குறதுக்கு முந்தி வளர்ற முனை அடியில கிழங்குலயே இருக்கும். அப்ப தண்டை எதுக்குக் காப்பாத்தணும்னு கேப்பீங்க. தண்டு போனாலும் வாழை சாகாது, ஆனா ஒவ்வொரு வருஷமும் தரையில இருந்து திரும்ப ஆரம்பிக்கும், கோடை முழுக்க உயரம் பிடிக்கவே நேரம் போயிரும். போன வருஷத் தண்டு நின்னா அது மேல இருந்தே இலை விடும், தண்டு வருஷா வருஷம் தடிக்கும், ஒரு நாள் பூவும் வரும், பழம் விதை நிறைஞ்சது, சாப்பிட முடியாது, ஆனா குளிர் ஊர்ல திறந்த வெளியில வாழைப்பூ தொங்குறதைப் பாக்குற சந்தோஷம் தனி.

மூடுற நேரம் முக்கியம். குளிருதேன்னு அவசரப்பட்டு முன்னாடியே மூடிட்டா உள்ள சூடும் ஈரமும் சேந்து அழுகும். முதல் உறைபனி இலையைக் கறுக்க வைக்கிற வரைக்கும் பொறுங்க, அப்புறம் மழை பெய்யாத ரெண்டு நாள் பாத்து, தண்டு காய்ஞ்சிருக்கும்போது ஆரம்பிங்க. எல்லா இலையையும் மட்டையோட கழுத்துல வெட்டி எடுத்துட்டு தண்டை எவ்வளவு உயரம் காப்பாத்த முடியுமோ அந்த உயரத்துல நேரா வெட்டுங்க, ஒரு ஆள் உயரத்துக்கு மேல மூடுறது பெரிய வேலை, காத்துல சாயவும் செய்யும். மெலிசான பக்கக் கன்னுங்களை வெட்டி எடுத்துட்டு தடிச்ச ரெண்டு மூணை மட்டும் வெச்சுக்கோங்க, வெட்டின கன்னுல வேரோட வந்தது ஒண்ணு ரெண்டு இருந்தா தொட்டியில வெச்சு உறையாத ஷெட்டுல வையுங்க, வெளிய இருக்கிறது போனாலும் கையில ஒண்ணு இருக்கும்.

தண்டைச் சுத்தி நாலு கம்பு நட்டு கோழி வலை கட்டி கூண்டு பண்ணுங்க, தண்டுக்கும் வலைக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு சாண் இடைவெளி இருக்கணும். அந்த இடைவெளியில காய்ஞ்ச வைக்கோல் போடுங்க. அமுக்கி அமுக்கித் திணிக்காதீங்க, சூட்டைப் பிடிச்சு வைக்கிறது வைக்கோல் இல்ல, வைக்கோலுக்கு நடுவுல அடைபட்ட காத்து, அமுக்கினா காத்து போயிரும். மாட்டுக்குப் போடுற பச்சைப்புல்லைக் காய வெச்சது வேண்டாம், அது ஈரம் பட்டதும் புளிச்சு அழுகும், வைக்கோல்தான் வேணும். சருகும் போடலாம், ஆனா நனைஞ்சா அப்பளம் மாதிரி ஒட்டிக்கிற இலையா இருந்தா வைக்கோலோட கலந்து போடுங்க. கூண்டுக்கு வெளிப்பக்கம் சாக்கோ, செடி மூடுறதுக்குன்னே விக்கிற மூச்சு விடுற ஃப்ளீஸ் துணியோ சுத்துங்க, பிளாஸ்டிக் சுத்தாதீங்க, பக்கம் மூச்சு விடணும். உச்சியில மட்டும் தண்ணி இறங்காத மூடி வேணும், உரச் சாக்கு, தகரம், பழைய வாளி எதுவானாலும் சாய்வா வெச்சு காத்துல பறக்காம கட்டுங்க. பக்கம் மூச்சு விடணும், உச்சி நனையக் கூடாது, இந்த ரெண்டையும் விடாம பிடிச்சீங்கன்னா வாழை ஜெயிச்சிரும். அடியில கிழங்கைச் சுத்தி ரெண்டடி அகலத்துக்கு, ஒரு அடி உயரத்துக்கு மூடாக்கு போடுறதை மறக்காதீங்க, மேல என்ன ஆனாலும் கிழங்கு பத்திரம். வைக்கோல்ல எலி குடியேறும், தண்டைக் கடிக்கும், அதனால வலையோட அடியை மண்ணுக்குள்ள கொஞ்சம் புதைச்சு விடுங்க, நடுக்குளிர்ல ஒரு தடவை கையை விட்டுப் பாருங்க.

மரப்பெரணி, டிக்சோனியா அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியாவோட தென்கிழக்குல, டாஸ்மேனியாவுல ஈரக் காட்டுல வளர்றது. பேரைப் பாத்து பெரிய குளிர் தாங்கும்னு நம்பிராதீங்க, ஒரு -5 வரைக்கும் சும்மாவே நிக்கும், அது ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரின்னாதான், தொடர்ந்து உறைஞ்சா சுத்தணும். இதோட குருத்து உச்சியில ஒரு கிண்ணம் மாதிரி குழிக்குள்ள இருக்கு, அது போனா மரமே போச்சு, வாழை மாதிரி அடியில இருந்து திரும்ப வராது. அந்தக் குழியில ரெண்டு மூணு கைப்பிடி காய்ஞ்ச வைக்கோல் வெச்சு, பழைய இலைகளை மேல மடிச்சு கட்டி மூடுங்க, பச்சையா இருக்கிற இலையை வெட்டாதீங்க, அதுவே போர்வை. குளிர் அதிகமான ஊர்னா தண்டையும் வைக்கோல், ஃப்ளீஸ் வெச்சு சுத்தணும், ஏன்னா அந்தத் தண்டு முழுக்க வேர், மேல இருந்து கீழ வரைக்கும் வேர்தான் பின்னிக் கிடக்கு. அதனாலதான் இந்த ஒரு செடிக்கு மட்டும் நான் ஈரம் வேணும்னு சொல்றேன், குளிர்காலத்துல மழை இல்லாம உறையாத நாள் வந்தா தண்டு மேல கொஞ்சம் தண்ணி ஊத்துங்க, குழிக்குள்ள மட்டும் ஊத்தாதீங்க. வருஷத்துக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் தண்டு உயரும், ஒரு ஆள் உயரம் இருக்கிற மரம் பல பத்து வருஷத்து உழைப்பு, கால் மணி நேரம் செலவழிச்சு உச்சியை மூடுறதுக்கு யோசிக்காதீங்க.

பனையில ட்ராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனிதான் குளிருக்கு ராஜா, வளந்த மரம் -12, -15 வரைக்கும் தாங்கும், சின்ன நாத்து அவ்வளவு தாங்காது. அதுக்குப் பெரும்பாலும் மூடவே தேவையில்ல, ரொம்ப மோசமான வாரத்துல மட்டும் மட்டைகளை மேல தூக்கி ஒண்ணாக் கட்டி குருத்து மேல மழை இறங்காம பாத்துக்கிட்டா போதும். பனி கொட்டினா மட்டை மேல சேர்ற பாரத்தை உதறி விடுங்க, ஆனா அடியில தரையில விழுந்த பனியை அள்ளாதீங்க, அது நல்ல மூடாக்கு. பனைக்கு வர்ற பெரிய வியாதி குருத்தழுகல், குளிர்ல அடிபட்ட குருத்துல தண்ணி நின்னு பூஞ்சை பிடிக்கும், வசந்தத்துல நடுக்குருத்தை மெதுவா இழுத்துப் பாருங்க, கையோட வந்துச்சுன்னா பயந்து மரத்தை வெட்டிராதீங்க. அழுகினதை எல்லாம் சுத்தமா எடுத்துட்டு, உள்ள தேங்கின தண்ணியை உறிஞ்சி எடுத்துட்டு, தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி ஊத்தி, மேல மழை படாம மூடி வெச்சுக் காத்திருங்க, சில மாசம் கழிச்சு புதுக் குருத்து பாதி வெட்டின இலையோட வரும், அப்புறம் ஒழுங்கா வரும்.

ஆனைக்கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் வேற மாதிரி. இதுகளுக்குத் துணி சுத்தினா நீங்களே அழுக வைக்கிறீங்க. அகேவ் பாரியி மாதிரி ரகம் காய்ஞ்சு இருந்தா -15 கிட்ட தாங்கும், அதே செடி நனைஞ்ச மண்ணுல அதுக்கு ரொம்ப முந்தியே போயிரும். மேட்டுப் பாத்தியில பாதிக்கு மேல சரளை போட்டு, செடியை நேரா வைக்காம கொஞ்சம் சாய்ச்சு நடுங்க, நடுவுல தண்ணி நிக்காது. இலையுதிர் காலத்துலயே தண்ணி ஊத்துறதை நிறுத்துங்க, நாலு கம்பு நட்டு மேல ஒரு பாலிகார்பனேட் ஷீட் சாய்வா போடுங்க, நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும். சாதாரண அமெரிக்கானா ரகம் இவ்வளவு தாங்காது, அதை எறவானத்துக்குக் கீழயே வையுங்க.

அரளி, காகிதப்பூ, ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட்னு சொல்ற மர ஊமத்தை இதெல்லாம் கட்டையில உயிர் இருக்கிறது. அரளி இதுல கெட்டி, -5 வரைக்கும் சுவரோரமா பிழைச்சிரும். காகிதப்பூ லேசான பனிக்கு மேல தாங்காது, உறையுறது அபூர்வமா இருக்கிற இடத்துல சுவரோரம் மட்டும்தான் சரி. மர ஊமத்தை மேல எல்லாம் கருகினாலும் அடியில ஒரு அடி உயரத்துக்கு மூடாக்கு குவிச்சு வெச்சா லேசான குளிர் ஊர்ல கோடையில அடியில இருந்து துளிர்க்கும். மூணுலயும் இலையுதிர் காலத்துல நாலு குச்சி வெட்டி வேர் பிடிக்க வெச்சு உள்ள வெச்சுருங்க, ஒரு ஜன்னலோரம் போதும்.

தொட்டியில இருக்கிற செடிக்கு தரையில இருக்கிறதை விட ஆபத்து அதிகம், தரையில வேருக்குக் கீழ பூமியோட சூடு இருக்கு, தொட்டியில நாலு பக்கமும் குளிர் காத்து. தொட்டியை எல்லாம் சுவரோரமா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வையுங்க, அடியில செங்கல் வெச்சு தூக்குங்க, அடி ஓட்டை அடைபடாம, தண்ணி தேங்காம இருக்கணும், பபிள் ராப் இங்கதான் உபயோகம், தொட்டியைச் சுத்தி, செடியை இல்ல. முடிஞ்சா தொட்டியோட சேத்து மண்ணுல புதைச்சுருங்க.

இந்த ஃப்ளீஸ் துணி பத்தி ஒரு வார்த்தை. சதுர மீட்டருக்கு 17 கிராம், 30 கிராம்னு விக்கிறாங்க, மெல்லிசு ரெண்டு டிகிரி அளவு காப்பாத்தும், தடிச்சது இன்னும் கொஞ்சம். துணி சூடு உண்டாக்காது, ராத்திரி மண்ணுல இருந்து ஏறுற சூட்டைப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். அதனால மரத்தோட தலையில மட்டும் கட்டிட்டு கீழ திறந்து விட்டா பெரிய பலன் இல்ல, சின்னச் செடின்னா துணி தரை வரைக்கும் வந்து ஓரம் கல்லு வெச்சு அமுக்கி இருக்கணும். ஈரத்துணி இலையைத் தொட்டுட்டு உறைஞ்சா தொட்ட இடம் கருகும், அதனால நடுவுல கம்பு வெச்சுத் தூக்கிக் கட்டுங்க. கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக்கால மூடினா குளிர்கால வெயில்ல உள்ள சூடேறி செடி வசந்தம்னு நினைச்சு முழிச்சிக்கும், அன்னிக்கு ராத்திரியே உறையும், அது ரெட்டைச் சேதம். சிலர் பழைய இழை பல்பு மாலையைச் சுத்தி சூடு குடுக்கிறாங்க, அது வேலை செய்யும், எல்.இ.டி. மாலையில அந்தச் சூடு கிடைக்காது. ரொம்பக் குளிர் ஊர்ல பனைக்கும் வாழைக்கும் தெர்மோஸ்டாட் வெச்ச ஹீட்டிங் கேபிள் நல்லது, வெளிய உபயோகிக்கிற தரத்துல இருக்கணும், மின்கசிவு ஏற்பட்டா தானா நிக்கிற ஸ்விட்ச் இல்லாம போடாதீங்க, காய்ஞ்ச வைக்கோலுக்குள்ள பல்பு வைக்கவே வைக்காதீங்க, தீப்பிடிக்கும்.

நல்ல உறைபனி வருதுன்னு முன்னாடி நாளே தெரிஞ்சா, இலை உதிராத செடிகளுக்கு, கற்றாழை வகை தவிர, பகல்லயே வேருக்குத் தண்ணி ஊத்துங்க. இது நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும். மண்ணு உறைஞ்சிட்டா வேர் தண்ணி எடுக்க முடியாது, ஆனா காத்தும் வெயிலும் இலையில இருந்து தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், செடி குளிர்ல இல்ல, தாகத்துல சாகும். மிதமா நனைஞ்ச மண்ணு காய்ஞ்ச மண்ணை விட சூட்டை அதிகமா வெச்சிருக்கவும் செய்யும்.

வசந்தம் வந்ததும் அவசரம்தான் எதிரி. ரெண்டு நாள் வெயில் அடிச்சதும் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டு, அடுத்த வாரம் வர்ற பனியில புதுத் துளிரைப் பறிகொடுக்குறது வருஷா வருஷம் நடக்கும். மழை மூடியை முதல்ல எடுங்க, அப்புறம் ஒரு வாரம் விட்டு வைக்கோலைப் பாதி, அப்புறம் மீதி, அதுவும் மேகமூட்டமா இருக்கிற நாளாப் பாத்து, ஏன்னா இருட்டுல இருந்த தண்டு நேரா வெயிலுக்கு வந்தா வெந்துரும். கடைசி உறைபனி நாள் தாண்டுற வரைக்கும் ஃப்ளீஸ் துணி கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும். வாழைத்தண்டு மேல கொழகொழன்னு இருந்தா ஒரு கத்தியால கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கிட்டே கீழ வாங்க, வெள்ளையா கெட்டியா இருக்கிற இடம் வந்ததும் நிறுத்துங்க, ஒரு வாரத்துல நடுவுல புதுச் சுருள் மேல தள்ளிக்கிட்டு வர்றதைப் பாக்கலாம். கட்டைச் செடிகள்ல நகத்தால பட்டையைக் கீறிப் பாருங்க, உள்ள பச்சை இருந்தா உயிர் இருக்கு, பழுப்புன்னா இன்னும் கீழ கீறுங்க. கருகின கிளையை உடனே வெட்டாதீங்க, கடைசி பனி போற வரைக்கும் அது கீழ இருக்கிறதுக்கு மறைப்பு.

கல்வாழை, பூ இஞ்சி, சேம்பு மூணும் ரொம்ப தாமதமா வரும், மத்த செடி எல்லாம் பூத்து முடிஞ்ச பிறகுதான் மூக்கை நீட்டும், மண்ணு சூடாகணும் அதுகளுக்கு. செத்துப் போச்சுன்னு முடிவு பண்ணி தோண்டினா தோண்டுறவங்க கையாலதான் முளை உடையும். கோடை பாதி போற வரைக்கும் அந்த இடத்தைத் தொடாதீங்க, மூடாக்கை மட்டும் பாதியா குறைச்சு வெயில் மண்ணுல பட விடுங்க, நத்தைக்கு ஒரு கண்ணு வெச்சிருங்க, மூடாக்குக்குள்ள குளிர்காலத்தைக் கழிச்ச நத்தைங்க முதல் முளையை ஒரே ராத்திரியில மொட்டையாக்கிரும். முளை ஒரு சாண் வந்ததும் தண்ணியும் உரமும் தாராளமா குடுங்க, அப்ப நைட்ரஜன் போடலாம், வாழைக்கு கோடை முழுக்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போட்டாலும் வாங்கிக்கும். கோடையில அதோட கிழங்கு எவ்வளவு தடிக்குதோ அவ்வளவு பலத்தோட அடுத்த குளிரைத் தாங்கும், அதனால கோடை உரத்தை சரியா நேரத்துக்கு ஆரம்பிச்சு, குளிருக்கு ரெண்டு மாசம் முன்னாடி நிறுத்திருங்க.